செடிச்சாறும் எலியின் கல்லீரலும்

கீழாநெல்லியை அறியாத தமிழர் இரார். மஞ்சள் காமாலை என்ற சொல் ஒருவர் வாயிலிருந்து விழுமுன் பக்கத்தில் இருப்பவர் கீழாநெல்லியின் பெயரைச் சொல்லிவிடுவார். மோரில் அரைத்துக் கொடுக்க வேண்டும், எண்ணெயும் புளியும் ஆகாது என்று பத்தியமும் கூறிவிடுவார். கல்லீரலுக்குச் செடிதான் மருந்து என்னும் எண்ணம் நம்மிடையே அவ்வளவு ஆழமாக வேர்விட்டிருக்கிறது. இப்போது அந்த எண்ணத்தின்மீது விஞ்ஞானத்தின் முத்திரையும் விழுந்து வருகிறது. 'இன்ன செடியின் சாறு மருந்துகளால் கல்லீரலுக்கு நேரும் கேட்டைத் தடுக்கிறது. எலிகளில் சோதித்து உறுதி செய்யப்பட்டது' என்ற செய்தியை நீங்கள் பலமுறை படித்திருப்பீர்கள். நிலவேம்பு, கரிசலாங்கண்ணி, கடுகுரோகிணி, மூக்கிரட்டை, மஞ்சள், சீந்தில், முருங்கை இலை என்று அந்தப் பட்டியல் நீண்டுகொண்டே போகிறது.

இச்செய்திகளுக்குப் பின்னால் இருக்கும் ஆய்வுமுறையை மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கம். செடிகளைப் பழிப்பது நோக்கமன்று. இயற்பியல் கற்பிப்பவனுக்கு மருந்தியலில் என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். மீட்டரின் முள் ஓர் எண்ணைக் காட்டும்போது அது உண்மையில் எதை அளக்கிறது என்று கேட்பது எங்கள் தொழில். அந்த ஒரு கேள்வியோடுதான் இந்த ஆய்வுகளை அணுகுகிறேன். மேலும், இதைப் படிக்கும் மாணவர்களில் சிலர் நாளை மருந்தியலோ விலங்கியலோ உயிர்வேதியியலோ பயின்று, இதே வகை ஆய்வைத் தம் பட்டத்துக்காகச் செய்யப் போகிறவர்கள். அவர்களுக்கு இது பயன்படும்.

முதலில், ஒரு மருந்து கல்லீரலைக் கெடுப்பது எப்படி என்று பார்ப்போம். இவ்வாய்வுகளில் மிகுதியாகப் பயன்படுவது பாராசிட்டமால். காய்ச்சலுக்கும் தலைவலிக்கும் நாம் எல்லோரும் விழுங்கும் மாத்திரைதான். அளவோடு உண்டால் இது நல்ல மருந்து. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 4 கிராம் உச்ச வரம்பு. சளி, இருமல் மருந்துகள் பலவற்றிலும் பாராசிட்டமால் கலந்திருப்பதால் அறியாமலே வரம்பைத் தாண்டுவதும் உண்டு. உடலுக்குள் செல்லும் பாராசிட்டமாலில் மிகப் பெரும் பகுதியைக் கல்லீரல் வேறு மூலக்கூறுகளோடு பிணைத்துச் சிறுநீர் வழியே வெளியேற்றிவிடுகிறது. நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பங்கு மட்டும் வேறு வழியில் போகிறது. கல்லீரலில் உள்ள சைட்டோகுரோம் பி-450 என்னும் நொதிக் குடும்பம் அந்தச் சிறு பங்கை ஒரு நச்சுப்பொருளாக மாற்றுகிறது. அதன் வேதியியல் பெயர் நீளமானது. இங்கு 'இடைநச்சு' என்றே அழைப்போம்.

இடைநச்சு தோன்றிய உடனே அதைப் பிடித்து அடக்கக் கல்லீரலில் ஒரு காவலாள் இருக்கிறது. அதன் பெயர் குளூட்டாதயோன். வழக்கமான அளவில் மருந்து உண்ணும்வரை காவலாளின் பலம் போதும். அளவு மீறும்போது இடைநச்சு வெள்ளமாக உற்பத்தியாகிறது, குளூட்டாதயோன் தீர்ந்துபோகிறது. பிறகு இடைநச்சு கல்லீரல் உயிரணுக்களின் புரதங்களோடு, குறிப்பாக அவற்றின் ஆற்றல்கூடமான மைட்டோகாண்டிரியாவின் புரதங்களோடு, ஒட்டிக்கொள்கிறது. உயிரணு மடிகிறது.

இந்த விவரம் முழுவதும் ஒரே நாளில் தெரிந்துவிடவில்லை. மிகுதியாக உண்ட பாராசிட்டமால் மனிதக் கல்லீரலைக் கெடுக்கும் என்ற செய்தி 1966இல் பிரிட்டனிலிருந்து வெளிவந்தது. இடைநச்சும் குளூட்டாதயோனும் ஆற்றும் பங்கை 1973இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிலையத்தின் ஆய்வாளர்கள் சுண்டெலிகளில் காட்டினர். காவலாள் தீர்ந்துபோவதுதான் காரணமென்றால், காவலாளை மீண்டும் உண்டாக்கும் மூலப்பொருளைக் கொடுத்தால் என்ன? எடின்பரோவில் பிரெஸ்காட் என்னும் மருத்துவரும் அவர் குழுவினரும் இப்பாதையில் சென்று, 1977இல் அசிட்டைல்சிஸ்டீன் என்ற மருந்தைப் பயன்படுத்திக் கண்ட பலனை அறிவித்தனர். அதற்கு முன் சளியை இளக்கப் பயன்பட்டு வந்த எளிய மருந்து அது. பாராசிட்டமால் உண்ட 8 மணி நேரத்துக்குள் கொடுத்தால் ஏறக்குறைய எல்லோரையும் கடுமையான கல்லீரல் கேட்டிலிருந்து அது காப்பாற்றுகிறது. நேரம் செல்லச் செல்ல அதன் பலன் குறைகிறது. இந்த 8 மணி நேரம் என்ற கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இக்கட்டுரையின் முதல் கேள்வியே காலத்தைப் பற்றியதுதான்.

இனி நம் செடிச்சாறு ஆய்வுக்கு வருவோம். நான் படித்தவற்றில் மிகப் பெரும்பாலானவை ஒரே அச்சில் வார்த்தவை. ஆறு எலிகள் கொண்ட ஐந்து குழுக்கள். முதற்குழுவுக்கு வெறும் உப்புநீர். இரண்டாவதுக்குப் பாராசிட்டமால் மட்டும். மூன்றாவதுக்குப் பாராசிட்டமாலோடு 'சிலிமாரின்' என்ற பெயர்பெற்ற மருந்து. நான்காவதுக்கும் ஐந்தாவதுக்கும் பாராசிட்டமாலோடு செடிச்சாறு, எடையில் கிலோவுக்கு 200 மில்லிகிராம், 400 மில்லிகிராம் என்று இரண்டு அளவுகளில். சாறு என்றால் அம்மியில் அரைத்துப் பிழிந்தது என்று எண்ண வேண்டாம். உலர்ந்த இலையைச் சாராயத்தில் ஊறவைத்து, வடித்து, வற்றவைத்து எடுத்த சத்து. ஏழு நாள் சாறு கொடுத்தபின் பாராசிட்டமால் கொடுப்பார்கள். மறுநாளோ அதற்கடுத்த நாளோ இரத்தம் எடுத்து எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. என்னும் நொதிகளை அளப்பார்கள். இரண்டாம் குழுவில் எண் உயர்ந்திருக்கும். சாறு குடித்த குழுக்களில் தாழ்ந்திருக்கும். 'கல்லீரலைக் காக்கும் தன்மை மெய்ப்பிக்கப்பட்டது' என்று முடித்துவிடுவார்கள்.

இங்கே நின்று கேளுங்கள்: சாறு எப்போது கொடுக்கப்பட்டது? பாராசிட்டமாலுக்கு முன், அதுவும் ஏழு நாள் முன்னதாகவே! அளவு மீறி மாத்திரை உண்ணப் போகிறவர் ஒரு வாரம் முன்கூட்டியே மூலிகைச் சாறு குடித்துக் காத்திருப்பாரா? மருத்துவமனைக்கு வரும் நோயாளி எப்போதும் நஞ்சு உள்ளே போனபின் தான் வருகிறார். மழைக்கு முன் குடை பிடிப்பது ஒன்று, நனைந்தபின் துவட்டுவது வேறு. ஆய்வுக்கூடம் குடையைச் சோதிக்கிறது. செய்தித்தாளோ துண்டு கிடைத்துவிட்டதென்று எழுதுகிறது.

இது வெறும் நடைமுறைக் குறை மட்டுமன்று. பாராசிட்டமால் தானாக நஞ்சன்று என்பதையும், சைட்டோகுரோம் நொதிதான் அதை இடைநச்சாக்குகிறது என்பதையும் மேலே கண்டோம். செடிகளில் உள்ள பொருள்கள் பல இந்த நொதியைத் தடுக்கக் கூடியவை. சாறு முன்னதாகவே உள்ளே சென்று நொதியைத் தடுத்துவிட்டால் இடைநச்சு உண்டாவதே குறைந்துவிடும். கல்லீரல் கெடாது, எஸ்.ஜி.பி.டி. உயராது. ஆனால் அங்கே காக்கப்பட்டது எது? கேடே நிகழவில்லையே! மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுக் கம்பியில் ஒரு நாடாவைச் சுற்றி, 'பாருங்கள், இந்த நாடா ஷாக் அடிக்காமல் காக்கிறது' என்று ஒரு மாணவன் காட்டினால் நாம் மதிப்பெண் போடுவோமா?

கற்பனையான ஐயம் அன்று இது. பச்சைத் தேயிலைச் சாற்றை வைத்து அமெரிக்க ஆய்வாளர்கள் 2012இல் வெளியிட்ட சோதனை ஒன்று இதைத் தெளிவாகக் காட்டுகிறது. அவர்கள் ஒரே சாற்றை மூன்று வகையாகச் சுண்டெலிகளுக்குக் கொடுத்தனர். பாராசிட்டமாலுக்கு 3 மணி நேரம் முன்பு கொடுத்தபோது கல்லீரல் தப்பியது. மூன்று நாள் தொடர்ந்து கொடுத்து நான்காம் நாள் பாராசிட்டமால் கொடுத்தபோதும் தப்பியது. ஆனால் பாராசிட்டமால் கொடுத்து 6 மணி நேரம் கழித்துச் சாற்றைக் கொடுத்தபோது கேடு அதிகமாயிற்று. ஆம், குறையவில்லை, அதிகமாயிற்று. சாறு குளூட்டாதயோனைக் குறைத்துவிட்டதே இதற்குக் காரணமாகலாம் என்று அவர்கள் கருதினர். முன்பு கொடுத்தபோது கல்லீரல் தப்பியதன் காரணத்தையும் அவர்கள் அளந்தனர்: புரதங்களில் ஒட்டிய இடைநச்சின் அளவே மிகக் குறைவாக இருந்தது. அதாவது, மெயின் சுவிட்ச் அணைந்திருந்தது. முதல் இரண்டு வகையை மட்டும் செய்து நிறுத்தியிருந்தால், தேயிலைச் சாறு கல்லீரலைக் காக்கிறது என்று இன்னொரு கட்டுரை வெளிவந்திருக்கும். நம் நாளிதழும் அதை எடுத்துப் போட்டிருக்கும்.

இதில் இன்னொரு வேடிக்கை உண்டு. நீரில் கரையாத செடிப்பொருளைக் கரைக்க டைமெத்தில் சல்பாக்ஸைடு என்னும் கரைப்பானைச் சிலர் பயன்படுத்துகிறார்கள். அந்தக் கரைப்பானே சைட்டோகுரோம் நொதியைத் தடுத்துப் பாராசிட்டமால் கேட்டைக் குறைக்க வல்லது. கட்டுப்பாட்டுக் குழுவுக்கும் அதே கரைப்பானை அதே அளவில் கொடுக்காவிட்டால், கரைப்பானின் புகழ் செடிக்குப் போய்ச் சேரும்.

எலியின் தேர்விலும் கேள்வி இருக்கிறது. சுண்டெலி பாராசிட்டமாலுக்கு ஏறக்குறைய மனிதனைப் போலவே இடம் கொடுக்கிறது. கிலோவுக்கு 300 மில்லிகிராம் அளவிலேயே அதன் கல்லீரல் கடுமையாகக் கெடுகிறது. பெரிய எலியோ இந்த நஞ்சைப் பெரிதும் தாங்கும். அதற்குக் கிலோவுக்கு 2 கிராம், 3 கிராம் என்று கொட்டியும் மனிதனில் காணும் கடுமையான கேடு தோன்றுவதில்லை. இருந்தும் நம் நாட்டு ஆய்வுகளில் பெரும்பாலும் பயன்படுவது பெரிய எலிதான். கையாள எளிது, இரத்தம் கூடுதலாகக் கிடைக்கும் என்பவை காரணமாக இருக்கலாம். கேடே இலேசாக இருக்கும் இடத்தில் பாதுகாப்பும் மலிவாகவே கிடைக்கும்.

அளவைப் பற்றியும் ஒரு சிறு கணக்குப் போடுவோம். எலிக்குக் கிலோவுக்கு 400 மில்லிகிராம் என்பதை 60 கிலோ மனிதனுக்கு அப்படியே பெருக்கினால் 24 கிராம் சத்து. அப்படிப் பெருக்குவது சரியன்று. உடற்பரப்பைக் கணக்கில் கொண்டு எலியின் அளவை ஏறக்குறைய 6 ஆல் வகுப்பது மருந்தியலார் வழக்கம். அப்போது 4 கிராம் சத்து வரும். பத்துப் பங்கு உலர்ந்த இலையிலிருந்து ஒரு பங்கு சத்து கிடைப்பதாக வைத்துக்கொண்டால், நாள்தோறும் 40 கிராம் உலர்ந்த இலை. வீட்டில் ஒரு கைப்பிடி கீரையை மசித்து உண்பவருக்கும் ஆய்வில் வந்த எலிக்கும் உள்ள தொலைவு இது.

அளவீட்டின் பிழையைப் பற்றி இயற்பியலாரின் முணுமுணுப்பு ஒன்றும் உண்டு. ஒரு குழுவில் ஆறு எலிகள். அவற்றின் எண்களின் திட்ட விலக்கம் 49 என்று கொள்வோம். அதை 6இன் வர்க்கமூலத்தால் வகுத்தால் சராசரியின் திட்டப் பிழை 20 ஆகிவிடும். படத்தில் 20ஐப் போட்டால் கோடுகள் குட்டையாக, அழகாக இருக்கும். எலிகள் எல்லாம் ஒரே குரலில் பேசியது போலத் தோன்றும். எலிக்கு எலி எவ்வளவு வேறுபட்டது என்பதை மறைக்க இதைவிட எளிய வழி இல்லை. படிக்கும்போது அந்தச் சிறு குறிப்பைத் தேடிப் பாருங்கள்.

எஸ்.ஜி.பி.டி. என்ற எண்ணே எதை அளக்கிறது? மடிந்த உயிரணுவிலிருந்து கசிந்து இரத்தத்தில் கலந்த நொதியை அளக்கிறது. அவ்வளவே. கல்லீரல் தன் வேலையைச் செய்கிறதா என்பதை அது சொல்லாது. கல்லீரலில் பெரும் பகுதி அழிந்துவிட்ட நோயாளியிடம் இந்த எண் தானாகவே இறங்குவதுண்டு, கசிவதற்கு உயிரணு மிச்சமில்லை என்பதால். அதே நேரத்தில் பிலிருபின் ஏறிக்கொண்டும் இரத்தம் உறையும் நேரம் நீண்டுகொண்டும் போனால் மருத்துவர் அஞ்சுவார். ஆகவே எண் இறங்கிற்று என்பதால் கல்லீரல் தேறிற்று என்று பொருளில்லை. உறையும் நேரத்தையும் அளந்து, நுண்நோக்கியின் கீழ்த் திசுவையும் பார்த்து, எத்தனை எலி பிழைத்தது என்றும் எண்ணிச் சொல்லும் ஆய்வுகள் இருக்கின்றன. அவற்றை மதித்துப் படிக்க வேண்டும்.

மூன்றாம் குழுவுக்குக் கொடுக்கும் சிலிமாரினுக்கு வருவோம். மத்தியதரைக் கடல் பகுதியைச் சேர்ந்த ஒருவகை முட்செடியின் விதையிலிருந்து எடுப்பது இது. இந்த ஆய்வுகளில் இதுதான் படிக்கல்; 'எங்கள் சாறு சிலிமாரினுக்கு நிகர்' என்று எழுதிவிட்டால் எடை போட்டாயிற்று. படிக்கல்லின் எடையை யாராவது சரிபார்த்தார்களா? பார்த்தார்கள். நாட்பட்ட ஹெபடைட்டிஸ்-சி நோயாளிகள் 154 பேருக்கு, வழக்கத்தைவிட மிகக் கூடிய அளவில், 24 வாரம் சிலிமாரின் கொடுத்து, வெற்று மாத்திரை உண்டவர்களோடு ஒப்பிட்ட அமெரிக்க ஆய்வின் முடிவு 2012இல் வெளிவந்தது. நொதி அளவில் இரு சாராருக்கும் வேறுபாடு தெரியவில்லை. அதற்காகச் சிலிமாரின் எதற்கும் உதவாது என்று சொல்லிவிட முடியாது. அதிலுள்ள சிலிபினின் என்ற பொருளை, உயிரைக் குடிக்கும் ஒருவகைக் காளானை உண்டுவிட்டவர்களுக்கு ஐரோப்பிய மருத்துவமனைகளில் ஊசிவழியாகச் செலுத்துகிறார்கள். காளான் நஞ்சு கல்லீரல் உயிரணுவுக்குள் நுழையும் வாயிலை அது அடைக்கிறது. குறிப்பிட்ட நஞ்சு, குறிப்பிட்ட வாயில், குறிப்பிட்ட பொருள் என்று இருக்கும்போது பேச்சில் தெளிவு வருகிறது. 'பொதுவாகக் கல்லீரலுக்கு நல்லது' என்னும்போது அந்தத் தெளிவு போய்விடுகிறது.

இவ்வளவு குறை சொன்னபின் கீழாநெல்லிக்கு நியாயம் செய்ய வேண்டும். மருந்தால் நேரும் கேட்டைப் பற்றியதன்று, ஹெபடைட்டிஸ்-பி வைரசைப் பற்றியது. ஆயினும் முறை எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு அதில் பாடம் இருக்கிறது. சென்னையில் தியாகராஜனும் அவர் குழுவினரும், இந்த வைரசைக் கண்டறிந்து 1976இல் நோபல் பரிசு பெற்ற புளூம்பெர்க்கோடு சேர்ந்து, 1988இல் ஓர் ஆய்வை லான்செட் இதழில் வெளியிட்டனர். வைரசைச் சுமந்திருந்தவர்களுக்கு 30 நாள் கீழாநெல்லித் தூள் கொடுத்தனர். மற்றொரு சாராருக்கு வெற்றுத் தூள். கீழாநெல்லி உண்ட 37 பேரில் 22 பேரின் இரத்தத்திலிருந்து வைரசின் அடையாளப் புரதம் மறைந்தது. வெற்றுத் தூள் உண்ட 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே மறைந்தது. எலியோடு நின்றுவிடாமல் மனிதரிடம் சென்றார்கள், ஒப்பிடுவதற்கு ஒரு குழுவையும் வைத்தார்கள். இவை இரண்டும் பாராட்டுக்குரியவை.

பிறகு நடந்ததும் பாராட்டுக்குரியதே. பிற நாட்டார் அதே சோதனையைத் திரும்பச் செய்து பார்த்தனர். 1990இல் தாய்லாந்திலும், பின்னர் நியூசிலாந்திலும் இந்தப் பலன் கிடைக்கவில்லை. செடியின் இனம், பறித்த இடம், நோயாளிகளின் நிலை என்று காரணங்கள் பேசப்பட்டன. ஆயினும் சென்னையில் கண்ட 22க்கு 1 என்ற பெரும் வேறுபாடு வேறெங்கும் நிலைநாட்டப்படவில்லை. நம் ஊரில் முதற்பாதி மட்டும் சொல்லப்படுகிறது. 1988ஐத் தெரிந்தவர்கள் 1990ஐத் தெரிந்துகொள்வதில்லை.

காமாலைக்குக் கீழாநெல்லி கொடுத்துக் குணமானதைக் கண்ணால் கண்டவர்கள் இதைக் கேட்டுச் சினம் கொள்ளலாம். அவர்கள் கண்டது பொய்யன்று. குழந்தைகளுக்கும் இளைஞர்களுக்கும் வரும் காமாலை பெரும்பாலும் மாசுபட்ட நீரால் பரவும் ஹெபடைட்டிஸ்-ஏ. அது சில வாரங்களில் பெரும்பாலோருக்குத் தானாகவே தணியும். எந்தச் செடியைக் கொடுத்தாலும் அந்தச் செடி வெல்லும். ஒப்பீட்டுக் குழு என்ற ஒன்று ஏன் வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு தேவையில்லை.

நம் நாட்டில் மருந்தால் கல்லீரல் கெடுவது பற்றிய உண்மையான கவலை பாராசிட்டமாலில் இல்லை. காசநோய் மருந்துகளில் இருக்கிறது. பெங்களூர்ச் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் 12 ஆண்டுகளில் கண்ட 313 நோயாளிகளின் விவரம் 2010இல் வெளியாயிற்று. அவர்களில் நூற்றுக்கு 58 பேருக்குக் காரணம் காசநோய் மருந்துகளே. ஐசோநியாசிட், ரிஃபாம்பிசின், பைராசினமைடு ஆகிய மூன்றும் கல்லீரலைத் தாக்க வல்லவை. முதல் இரண்டு மாதங்களில் ஆபத்து அதிகம். கேடு முற்றினால் மருத்துவர் மருந்துகளை நிறுத்தி, நொதி இறங்கியபின் ஒவ்வொன்றாக மீண்டும் தொடங்க வேண்டியிருக்கிறது. அந்த இடைவெளியில் கிருமிக்குக் கொண்டாட்டம். ஆகவே காசநோயாளியின் கல்லீரலைக் காக்கும் செடி ஒன்று உண்மையிலேயே கிடைத்தால் அது பெரும் நன்மை.

ஆனால் எலிச் சோதனை இங்கு இன்னும் வழுக்குகிறது. மனிதரில் இந்த மருந்துகள் எல்லோரையும் தாக்குவதில்லை; ஒரு சிலரையே தாக்குகின்றன. ஐசோநியாசிடை உடல் கையாளும் வேகம் பரம்பரைப்படி ஆளுக்கு ஆள் மாறுகிறது. மெதுவாகக் கையாளுபவருக்கு ஆபத்துக் கூடுதல். ஆய்வுக்கூடத்திலோ எல்லா எலிக்கும் கேடு வரும்வரை மருந்தை ஏற்றுகிறார்கள். இயல்பாகச் சிலருக்கு நேரும் விபத்தும், வேண்டுமென்றே எல்லோருக்கும் கொடுத்த நஞ்சும் ஒன்றாகா.

இதைவிடப் பெரிய கேள்வி ஒன்று இருக்கிறது. அதை இவ்வாய்வுகளில் நான் கண்டது மிக அரிது. சாறு குடித்த எலியின் இரத்தத்தில் ரிஃபாம்பிசின் எவ்வளவு இருந்தது? செடிப்பொருள்கள் மருந்தின் அளவை மாற்றும் என்பது நமக்குப் புதிதன்று. மிளகிலுள்ள பைப்பரின் காசநோயாளிகளின் இரத்தத்தில் ரிஃபாம்பிசின் அளவைக் கூட்டியதை இந்திய ஆய்வாளர்கள் 1985இலேயே அறிவித்தார்கள். கூட்ட முடியுமானால் வேறொரு செடி குறைக்கவும் கூடும். குறைத்தால் என்ன நேரும்? மருந்து குறைந்ததால் கல்லீரல் தப்பும், ஆய்வாளர் மகிழ்வார். கிருமியும் தப்பும். அதை அளக்க அந்த எலியின் உடலில் கிருமியே இல்லை!

மனிதச் சோதனைகள் சில நடந்திருக்கின்றன. சிலிமாரினைக் காசநோய் மருந்தோடு சேர்த்துக் கொடுத்தபோது தாய்லாந்தில் சிறிய சோதனை ஒன்றில் நற்பலன் தெரிந்தது. சீனாவிலும் கொரியாவிலும் நடந்த பெரிய சோதனைகளில் தெரியவில்லை. நம் செடிகளில் எதற்கும் இவ்வளவுகூட நிறைவான சோதனை நடந்ததாக நான் படிக்கவில்லை.

இதற்கிடையில் கணக்கின் மறுபுறமும் நிரம்பி வருகிறது. இந்தியாவின் பல மருத்துவமனைகள் சேர்ந்து, மருந்தால் கல்லீரல் கெட்ட 1,288 பேரின் விவரத்தை 2021இல் வெளியிட்டன. காசநோய் மருந்துகள் அதிலும் முதலிடம், நூற்றுக்கு 46. இரண்டாம் இடம் எது தெரியுமா? மூலிகை உள்ளிட்ட மாற்று மருந்துகள், நூற்றுக்கு 14. கொரோனாக் காலத்தில் எதிர்ப்புச் சக்திக்கென்று பலர் குடித்த சீந்தில் கஷாயத்தோடு தொடர்புள்ள கல்லீரல் அழற்சியை மும்பை மருத்துவர்கள் 2021இல் ஆறு பேரிடம் கண்டனர். மறு ஆண்டு 13 நிலையங்களிலிருந்து 43 பேரின் விவரம் வந்தது. இந்திய மருத்துவமுறைகளுக்கான ஆயுஷ் அமைச்சகம் மும்பை அறிக்கையை மறுத்தது. உண்டது சீந்தில்தானா, அதையொத்த வேறு கொடியா என்று கேட்டது. நியாயமான கேள்விதான். ஆனால் அதே கேள்வியைச் சீந்தில் கல்லீரலைக் காக்கிறது என்று சொல்லும் ஆய்வுகளிடமும் கேட்க வேண்டும் அல்லவா? சீந்திலின் பெயர் அந்தப் பட்டியலிலும் இருக்கிறதே.

மஞ்சளும் இதற்கு விலக்கன்று. குழம்பில் போடும் மஞ்சளைச் சொல்லவில்லை. செறிவூட்டிய மஞ்சள் மாத்திரைகளால் கல்லீரல் கெட்ட பத்துப் பேரை அமெரிக்க ஆய்வாளர்கள் 2022இல் விவரித்தார்கள். எழுவரிடம் ஒரே மரபணு வகை இருந்தது. உடலில் எளிதில் சேராத மஞ்சளின் சத்தை மிளகுப் பொருள் கலந்தால் பல மடங்கு சேர்க்கலாம் என்பது பெங்களூரில் 1998இல் கண்டறிந்த உண்மை. இன்று விற்கும் மாத்திரைகள் பல அந்த உத்தியைப் பயன்படுத்துகின்றன. பாட்டி காலத்து மஞ்சள் இதுவன்று. உடலுக்கு இது புதிய மருந்து.

இப்படிப்பட்ட ஆய்வில் இறங்க விரும்பும் மாணவருக்கு என் வேண்டுகோள் சில. சுண்டெலியைத் தேர்ந்தெடுங்கள். சாற்றை நஞ்சுக்கு முன் ஒரு குழுவுக்கும், பின் இரண்டு மணி, ஆறு மணி கழித்து வேறு குழுக்களுக்கும் கொடுங்கள். படிக்கல்லாக அசிட்டைல்சிஸ்டீனை வையுங்கள். அதன் எடை சரிபார்க்கப்பட்டது. குளூட்டாதயோன் முதல் அரைமணி நேரத்தில் குறைகிறதா என்று பாருங்கள். வழக்கம்போல் குறைந்தால் இடைநச்சு உண்டாயிற்று என்று பொருள், அதன் பிறகே சாற்றின் திறமையைப் பேசலாம். செடியின் மாதிரி ஒன்றை உலர்த்தித் தாவரவியல் துறையில் ஒப்படைத்து எண் வாங்குங்கள். காசநோய் மருந்தோடு சோதித்தால் இரத்தத்தில் அந்த மருந்தின் அளவையும் அளந்து அட்டவணையில் போடுங்கள். இவற்றுக்கெல்லாம் பெரிய கருவிகள் வேண்டா. மருந்தின் அளவைக் காண மட்டும் ஒரு நல்ல குரோமடோகிராஃபி கருவி தேவை. மாவட்டத்தில் ஏதேனும் ஒரு கல்லூரியில் அது இருக்கும். எத்தனை கட்டுரைகளைப் புரட்டினாலும் எலியின் கல்லீரலைக் காக்காத செடி ஒன்றைக்கூட நான் இதுவரை சந்தித்ததில்லை. உங்கள் சாறு காக்கவில்லை என்று முடிவு வந்தால் அதையும் அப்படியே எழுதி அனுப்புங்கள்.